நாலறை வீட்டுக்கு 140 வாட் ஆம்ப் வேண்டுமா?

12 ஜூலை 2025, காலை 9.15 (கேள்வி)

சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. இப்போது டிவிக்குக் கீழே சவுண்ட்பார் மட்டும்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் முழு ஹோம் தியேட்டர் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. கையில் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கடையில் விசாரித்தால், சேனலுக்கு 140 வாட் தரும் 9 சேனல் ரிசீவரை (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் ஆம்ப்) முதலில் எடுங்கள், ஸ்பீக்கரை இப்போதைக்குச் சின்னதாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மாற்றலாம் என்கிறார்கள். ஆம்ப் வலுவாக இருந்தால்தானே ஸ்பீக்கர் நன்றாகப் பேசும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூலை 2025, பகல் 1.40 (பதில்)

தம்பி, அதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஸ்பீக்கர், அதிலும் நடுவில் வைக்கும் சென்டர். ஆம்ப் கடைசியில்.

வாட் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். சாதாரண ஸ்பீக்கரின் தாளில் சென்சிடிவிட்டி 87 டெசிபல் என்று போட்டிருக்கும். ஏறக்குறைய 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். நீங்கள் உட்காருவது 3 மீட்டர் தள்ளி. தூரத்தில் 9 டெசிபலுக்கு மேல் போகிறது, சுவர்களும் மற்ற ஸ்பீக்கர்களும் கொஞ்சம் திருப்பித் தருகின்றன. ஆக சோபாவில் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். வீவக வீட்டில் 75 டெசிபலில் படம் பார்த்தாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதற்கு 1 வாட்கூட வேண்டாம். வெடி, இடி, மேளம் என்று திடீரென்று 20 டெசிபல் ஏறும் இடங்களுக்கு 30 வாட்டுக்குச் சற்று மேல் போகும். அவ்வளவுதான்.

100 வாட்டுக்கும் 140 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபல்கூட இல்லை. வால்யூம் குமிழை ஒரு சிட்டிகை திருப்பினால் வருகிற அளவு அது.

அந்த 140-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். '1 சேனல், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன்' என்று இருந்தால், ஒலி சிதையும் அளவுக்கு ஒரே சேனலை மட்டும் முறுக்கி எடுத்த அந்த எண்ணை மறந்துவிடலாம். '2 சேனல், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருக்கும் வரிதான் ஒப்பிடத் தக்கது. ஒரே ரிசீவருக்கே இந்த இரண்டு வரியிலும் வேறு வேறு எண் இருக்கும்.

12 ஜூலை 2025, இரவு 11.05

சென்டர் என்று ஏன் அழுத்திச் சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு 76 வயது. காது கொஞ்சம் மந்தம். கப்பல் பட்டறையில் 28 ஆண்டு வேலை செய்தவர், இரைச்சலிலேயே வாழ்ந்தவர். படம் பார்க்கும்போது, 'என்ன சொன்னான்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள் வால்யூமை ஏற்றுவோம். அடுத்த காட்சியில் பாட்டு வரும், அம்மா காதைப் பொத்திக்கொள்வார். கடைசியில் தமிழ்ப் படத்துக்கே ஆங்கில சப்டைட்டில் போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். எனக்கு அது பொறுக்கவே இல்லை. அவர் அறுபது ஆண்டாகக் காதால் ரசித்த வசனம்.

5.1 கலவையில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வரும். எங்கள் சென்டரோ டிவி கன்சோலின் நடுத்தட்டில், மூன்று பக்கமும் பலகை அடைத்த பெட்டிக்குள், அரை அடி உள்ளே தள்ளி இருந்தது. பேசுகிறவர்கள் எல்லாரும் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்டது. ஒருநாள் அதை வெளியே எடுத்து, கன்சோலின் மேல்தட்டில் முன்விளிம்போடு ஒட்டி வைத்து, முன்பக்கத்தின் அடியில் கதவு நிறுத்தும் ரப்பர் ஆப்பு இரண்டைச் செருகினேன். ட்வீட்டர் (மேல்ஸ்தாயியைத் தரும் சின்னக் கூம்பு) சோபாவில் உட்காருபவரின் காதைப் பார்த்து நிமிர்ந்தது. செலவு 2 வெள்ளி. அன்று முழுவதும் அப்பா என்ன சொன்னான் என்று கேட்டது இரண்டே தடவை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் தம்பி, முன்னால் வரும் மூன்று ஸ்பீக்கருக்குப் பணத்தில் பாதியை ஒதுக்குங்கள். மூன்றும் ஒரே வரிசையில் வந்தவையாக இருக்கட்டும். இடது, வலது ஒரு குரலும் நடு இன்னொரு குரலுமாக இருந்தால், ஆள் நடந்து போகும்போது குரல் மாறிவிடும்.

15 ஜூலை 2025

வாட் கணக்கில் திருத்தம். நான் 87 டெசிபல் ஸ்பீக்கரை வைத்து எழுதினேன். சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் பல 84, 85-இல்தான் இருக்கின்றன என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 30 என்பது 60 ஆகிவிடும். அது மின்தடை குறைந்த 4 ஓம் ஸ்பீக்கராகவும் இருந்தால், விலை குறைந்த ரிசீவர் சூடாகித் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். ஆக 'ஆம்ப் எதுவானாலும் சரி' என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பீக்கர் தாளில் சென்சிடிவிட்டி, ஓம் இரண்டையும் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற ஆம்ப் எடுங்கள். வரிசை அதுதான்.

ரிசீவரின் பின்பக்கத்திலோ மெனுவிலோ 4 ஓம், 8 ஓம் என்று ஒரு தேர்வு இருக்கும். 4-இல் வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு வலு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ரிசீவர்களில் அது மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. நான் 8-லேயே விட்டிருக்கிறேன்.

20 ஜூலை 2025

வயர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சிம் லிம் டவரில் வயர் விற்கும் கடைகளில் ஒரு மணி நேரம் நின்றால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். பத்து ஆண்டுக்கு முன் வேறொரு இடத்தில் 100 மீட்டர் சுருள் ஒன்றை மலிவாக இருக்கிறதே என்று வாங்கினேன். பார்வைக்குச் செம்பு. வீட்டுக்கு வந்து நுனியைச் சீவினால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. அதில் தடை அதிகம், இழைகள் மடங்கினால் உடனே ஒடியும். இரண்டு மாதத்தில் சரவுண்ட் (சோபாவுக்குப் பின்னால் வைக்கும் ஸ்பீக்கர்) ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முழுச் செம்பு என்றால் சுரண்டிய இடமும் சிவப்பாகவே இருக்கும்.

தடிமன் கணக்கு (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிக்கும்): 16 கேஜ் செம்பு வயரின் தடை மீட்டருக்கு 0.013 ஓம். ரிசீவரிலிருந்து சோபாவுக்குப் பின்னால் போக, சுவர் ஓரமாகச் சுற்றினால் 12 மீட்டர் பிடிக்கும். போக வர 24 மீட்டர், 0.32 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 4%. காதுக்குத் தெரியாது. 4 ஓம் என்றால் 14 கேஜ் எடுங்கள். அதற்கு மேல் மீட்டர் 30 வெள்ளி, 50 வெள்ளி என்று விற்கும் வயரை நான் வாங்கிப் பார்த்ததும் உண்டு, திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அப்பாவின் கண்ணைக் கட்டி மாற்றி மாற்றிப் போட்டேன், என் கண்ணைக் கட்டி மகன் போட்டான். யாருக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்டாண்ட் வாங்கலாம்.

சுவரோரம் வயரை மூடும் வெள்ளை பிவிசி ட்ரங்கிங் போதும். சுவரை வெட்டி வயரைப் புதைக்க வேண்டும் என்றால் ரெனவேஷன் நேரத்திலேயே செய்துவிடுங்கள், பிறகு செய்தால் இரட்டை வேலை. வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரின் சுவரைத் துளைத்து வயரை அந்தப் பக்கம் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். அது காப்பறை, துளைத்துக்கொண்டு போக அனுமதி இல்லை. ஸ்பீக்கர் வயரை நாமே இழுக்கலாம். ஆனால் புதிதாக ஒரு பவர் பாயின்ட் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

27 ஜூலை 2025

இன்று சப்வூஃபர், அதாவது பாஸ் என்ற அடிஒலியை மட்டும் தரும் பெட்டி. இதை எழுதத்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

2020-இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது 12 அங்குல சப் ஒன்று வாங்கினேன். ஹாலின் மூலையில் வைத்தேன், ஏனென்றால் மூலையில்தான் இடம் இருந்தது. மூலையில் வைத்தால் பாஸ் பெருகும் என்று படித்தும் இருந்தேன். பெருகத்தான் செய்தது. தரை அதிர்ந்தது, சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமச் சிமிழ் நகர்ந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

மூன்றாம் வாரம் கீழ்வீட்டு பாக்சிக் (மலாய்ப் பெரியவரை நாங்கள் அழைக்கும் முறை) மேலே வந்தார். சண்டைக்கு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, பேரனுக்கு ஆறு மாதம், இரவில் தூங்க மாட்டேன் என்கிறான், கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். குறைத்துத்தான் வைத்திருக்கிறோம் என்றேன். அப்படியானால் நீங்களே வந்து கேளுங்கள் என்றார்.

போனேன். மகன் மேலே படத்தை ஓட விட்டான். பாக்சிக்கின் படுக்கையறையில் தொட்டில் பக்கத்தில் நின்றேன். வசனம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பாட்டு கேட்கவில்லை. தும்... தும்... என்று ஒரு கனமான அதிர்வு மட்டும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், அறை முழுக்க. எங்கள் வீட்டில் இசையாக இருந்தது அங்கே வந்து சேரும்போது வெறும் இடியாக இருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பட்ட வெட்கத்தைச் சொல்ல முடியாது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கான்கிரீட் தளம் மேல்ஸ்தாயியை நன்றாகத் தடுக்கும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ எட்டரை மீட்டர், எங்கள் ஹாலைவிடப் பெரிது. எங்கள் ஹால் 5.4 மீட்டர் நீளம், 3.4 மீட்டர் அகலம், கூரை 2.6 மீட்டர் உயரம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை ஒவ்வொரு அளவின் இரண்டு மடங்கால் வகுத்தால் 32, 50, 66 ஹெர்ட்ஸ் என்று மூன்று எண் வருகின்றன. அந்த அறை தானாகவே ஊதிப் பெருக்கும் சுரங்கள் அவை. மூலையில் வைத்த சப் மூன்றையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது.

என்ன செய்தேன்? சப்பைத் தூக்கி நான் உட்காரும் சோபாவின் மேல் வைத்தேன். பாஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய், எந்த இடத்தில் எல்லா சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறது என்று தேடினேன். டிவி சுவரில் இடது பக்கம், மூலையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி அந்த இடம் கிடைத்தது. சப் இப்போது அங்கேதான் இருக்கிறது. அடியில் 60 வெள்ளிக்கு ஒரு தடித்த ஃபோம் பலகையும் வாங்கிப் போட்டேன். கீழ்வீட்டுக்கு அதுவும் உதவும்.

3 ஆகஸ்ட் 2025

மேலே 'அதுவும் உதவும்' என்று எழுதியதை நேற்று சோதித்துப் பார்த்தேன், தவறு. பாக்சிக்கிடம் சொல்லிவிட்டு, ஒரே காட்சியைப் பலகையோடும் பலகை இல்லாமலும் ஓட்டினோம். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சப்பின் பெட்டி தரையை நேரடியாக உதறுவதைத்தான் பலகை தடுக்கிறது. கூம்பு தள்ளும் காற்று தளத்தை அசைப்பதை அது தடுக்காது. எங்கள் தரையில் டைல் கொஞ்சம் கிணுகிணுத்தது, அது மட்டும் நின்றது.

உண்மையில் கீழே குறைத்தது இரண்டே விஷயம். மூலையை விட்டு நகர்த்தியது ஒன்று, சப்பின் அளவை 4 டெசிபல் இறக்கியது இன்னொன்று. இறக்கிய முதல் வாரம் வெறுமையாக இருந்தது. பிறகு பாஸ் கிட்டாரில் எந்த விரல் எந்தத் தந்தியில் போகிறது என்று கேட்க ஆரம்பித்தது. முன்பு ஒரே உறுமல்தான்.

இரவு 10 மணிக்கு மேல் எங்கள் வீட்டில் சப் கிடையாது. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். சப்பின் சுவிட்சை மட்டும் அணைத்தால், ரிசீவர் பாஸை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கும், அது எங்கும் கேட்காமல் போய்விடும். மெனுவில் சப் இல்லை என்று சொல்லி முன் ஸ்பீக்கர்களிடம் பாஸைத் திருப்பிவிட வேண்டும். கூடவே நைட் மோடைப் போட்டால் உரத்த இடம் அடங்கும், மெல்லிய வசனம் எழும்பும். இது அப்பாவுக்கும் நல்லது.

9 ஆகஸ்ட் 2025

தேசிய தின அணிவகுப்பைப் பெரிய சத்தத்தில் பார்த்தோம். இன்று ஒருநாள் புளோக்கே அப்படித்தான் பார்த்தது. விமானங்கள் பறந்தபோது டிவியில் ஒரு சத்தம், சன்னல் வழியே ஒரு சத்தம்.

சென்னையிலிருந்து ஆம்ப் கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கு: கொண்டுவரலாம். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு. இங்கே சதுர மூன்று கால், உள்ளே ஃபியூஸ். பாதுகாப்புக் குறி உள்ள பிளக்காக வாங்கி மாற்றுங்கள், ஆடும் அடாப்டரில் ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்பை மலிவு என்று வாங்காதீர்கள். நேராகச் செருகினால் அன்றே போய்விடும், இறக்கும் மின்மாற்றி வைத்தால் அதன் விலையும் ரீங்காரமும் கூடவே வரும்.

17 ஆகஸ்ட் 2025

இந்த ஊரின் வெப்பமும் ஈரமும் ஸ்பீக்கரை என்ன செய்யும் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

அப்பா 1994-இல் ஓவர்டைம் பணத்தில் ஒரு ஜோடி ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கினார். 8 அங்குல வூஃபர், தேக்கு நிறப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியில் பழைய பாட்டு, அம்மா ஆட்டுக்கறி வதக்கும் வாசனை, அந்த ஸ்பீக்கர் மூன்றும் என் நினைவில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. 2009-இல் ஒருநாள் பாட்டு கரகரத்தது. துணி மூடியைக் கழற்றினால், கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டவுடன் பிசுபிசுப்பான கருப்புப் பொடியாகக் கொட்டியது. பாலியூரித்தேன் ஃபோம் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டில் இப்படித்தான் ஆகும். ரப்பர் வளையம் என்றால் நீண்ட நாள் தாங்கும். பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் மூடியைக் கழற்றி, வளையத்தை விரலால் லேசாக அழுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்பா தூக்கிப் போடச் சொன்னார். நான் வளையம் வரவழைத்து ஒட்டினேன். பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை முழுவதும் ஆனது. கூம்பு நட்டநடுவில் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் உள்ளே காயில் உரசும் சத்தம் வரக்கூடாது. இரண்டாம் முயற்சியில் வந்தது. அந்த ஜோடி இன்றும் பின்னறையில் பாடுகிறது.

ரிசீவருக்கு எதிரி சூடு. என் பழைய ரிசீவரை கண்ணாடிக் கதவு போட்ட கன்சோலுக்குள் வைத்திருந்தேன். ஆறாம் ஆண்டில் ஸ்பீக்கர்களில் ஒரு ரீங்காரம், பிறகு ஒருநாள் எழவே இல்லை. பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து, தலை உப்பிய கெப்பாசிட்டர்களைக் காட்டினார். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் சூடு 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் அறையே 30 டிகிரியில் தொடங்குகிறது. ரிசீவரின் மேல் ஒரு சாண் இடமாவது விடுங்கள். அதன் தலையில் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைக்காதீர்கள்.

அதனால்தான் பழைய பொருள் வாங்குவதில் எனக்கு ஒரு கொள்கை: ஸ்பீக்கர் பழையதாக வாங்கலாம், ரிசீவரைப் புதிதாக வாங்க வேண்டும். பழைய பொருள் கைமாறும் கேரசல் செயலியில் நல்ல ஸ்பீக்கர்கள் வருகின்றன. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். வேண்டாம், அவர் வீட்டுக்கே போய்ப் பாட்டு போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

30 ஆகஸ்ட் 2025

செங்காங் தம்பி சென்டரும் முன் ஜோடியும் வாங்கிவிட்டார், ரிசீவர் 7 சேனல், 80 வாட். மிச்சப் பணத்தில் சப். அளவீட்டு மைக் பற்றிக் கேட்கிறார்.

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிசி, யமஹாவில் ஒய்பாவ் என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்: மைக்கால் அறையை அளந்து ஸ்பீக்கர்களைச் சரிசெய்வது. மைக்கைச் சோபாவின் மேல் வைக்காதீர்கள், முதுகுத் தலையணை ஒலியை விழுங்கும். கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் வையுங்கள். மின்விசிறி, ஏர்கான் எல்லாம் அணைத்துவிடுங்கள். வியர்க்கும், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

முடிந்தபின் மூன்றைப் பாருங்கள். முன் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸில் பிரியுங்கள், அதற்குக் கீழே உள்ளது சப்புக்குப் போகும்படி. கனமான வேலை சப்பிடம் போகும், ஆம்புக்கு மூச்சு கிடைக்கும். சப்பின் தூரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் 3.1 மீட்டர் தள்ளி இருக்கும் சப்பை 4.6 என்று காட்டுகிறது. சப்புக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைத் தாமதிக்கிறது, ரிசீவர் அதையும் தூரமாகக் கணக்கிட்டு ஈடுகட்டுகிறது. நான் ஒருமுறை டேப் வைத்து அளந்து 'திருத்தி', ஒரு மாதம் பாஸ் இல்லாமல் கேட்டேன்.

மூன்றாவது, ஃபேஸ் எச்சரிக்கை, அதாவது வயர் தலைகீழாக இருக்கலாம் என்பது. எனக்கு வலது சரவுண்டில் வந்தது. ரிசீவர் பக்கம் சரியாக இருந்தது, ஸ்பீக்கர் பக்கம் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தன. சந்தேகம் வந்தால் ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். சிவப்பில் பிளஸ் என்றால் வூஃபர் வெளியே துள்ள வேண்டும்.

எச்டிஎம்ஐ: ஆட்டம்ஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) வேண்டுமானால் இஆர்க் (டிவி ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் ஆர்க் என்ற வழியின் புதிய வடிவம்) கட்டாயம் என்று கடையில் சொன்னார்களாம். படம் ஓடும் செயலிகளில் வருகிற ஆட்டம்ஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில்தான் வருகிறது, சாதாரண ஆர்க்கிலும் போகும். புளூரேயில் உள்ள, தரம் குறையாத ட்ரூஎச்டிக்குத்தான் இஆர்க் வேண்டும், அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் செருகிவிடலாம். ஸ்டீரியோவாக வரும் டிவி நாடகங்களுக்கு டால்பி சரவுண்ட் மோடைப் போடுங்கள், பேச்சைப் பிரித்துச் சென்டருக்கு அனுப்பும்.

14 செப்டம்பர் 2025

கூரை ஸ்பீக்கர் வீண் என்று இந்த மன்றத்தின் வேறு ஒரு விவாதத்தில் எழுதியிருந்தேன். நேற்று பொங்கோலில் நண்பர் வீட்டில் கேட்டுவிட்டு வந்தேன். பாதி வாபஸ்.

ஆட்டம்ஸ் 2012-இல் திரையரங்குக்கும் 2014-இல் வீட்டுக்கும் வந்தது. வீவக கூரையில் ஸ்பீக்கர் பதிக்க ஃபால்ஸ் சீலிங் வேண்டும், அதற்குக் கீழே குறைந்தது 2.4 மீட்டர் இருக்க வேண்டும். 2.6-இல் அடித்தால் கையளவுதான் மிஞ்சும். நண்பர் முன் ஸ்பீக்கரின் தலையில் மேல்நோக்கிப் பாடும் பெட்டிகளை வைத்திருக்கிறார். எங்கள் கூரை தாழ்வு, சமதளம், வெறும் கான்கிரீட். ஒலி நன்றாகவே பட்டுத் தெறிக்கிறது. மழைக் காட்சியில் நான் நிமிர்ந்து பார்த்தேன். ஹெலிகாப்டர் மட்டும் தலைக்கு மேல் வராமல் டிவிக்கு மேலேயே சுற்றியது.

ஆசை வந்துவிட்டது. இருந்தாலும் சென்டர், சப், அவை நிற்கும் இடம் இந்த மூன்றும் சரியாகும்வரை தம்பி இதற்குக் காசு செலவழிக்கக் கூடாது.

21 அக்டோபர் 2025

நேற்று தீபாவளி. வீட்டில் பதினான்கு பேர். மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படத்துக்கு உட்கார்ந்தோம். மகன் வழக்கம்போல் சப்டைட்டில் போட ரிமோட்டை எடுத்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். 'எழுத்து மறைக்குது, எடுத்துடு' என்றார். இடைவேளைக்கு முன்னால் ஒரு நகைச்சுவை வசனத்துக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் சிரித்தவர் அவர்தான்.

மாலையில் பாக்சிக் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனேன். பேரனுக்கு இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது. பகலில் சத்தம் தொந்தரவாக இருந்ததா என்று கேட்டேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள் என்று நினைத்தோம் என்றார்.

22 அக்டோபர் 2025

தம்பி கேட்ட அளவுகள்: சென்டர் மற்றவற்றைவிட 1.5 டெசிபல் கூடுதல், மைக் போட்டு அளந்தபின் கையால் ஏற்றியது. சப் மைக் சொன்னதிலிருந்து 4 குறைவு. பிரிப்பு 80 ஹெர்ட்ஸ். அப்பாவின் நாற்காலி சோபாவுக்கு வலப்பக்கம், சென்டரிலிருந்து 2.7 மீட்டர். சென்டரை அவர் பக்கம் விரற்கடை அளவு திருப்பி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு படம் வரைந்து போடுங்கள், சரவுண்ட் எங்கே வைப்பது என்று பார்க்கலாம்.